லினக்ஸ் போட்டும் வரலையா: ரிப்பேரா, அழிச்சிட்டு திரும்ப போடுறதா?

காரைக்குடி வீட்ல கிடந்த பழைய லேப்டாப்புல லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸ் மாதிரி மெஷினை ஓட்டுற இலவச சிஸ்டம்) மூணு தடவை போட்டு சொதப்புனவன் நான், அதனால நடுநிலை எல்லாம் எதிர்பாக்காதீங்க, நான் ரிப்பேர் கட்சி.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இந்த மெஷின்ல 11 ஏறாது, ஆனா அப்பச்சியோட ஐந்தொகை கணக்கு பூரா விண்டோஸ்ல ஓடுற ஒரு பழைய சாஃப்ட்வேர்ல இருக்கு. சரி, அதைத் தொடாம பக்கத்துலயே மின்ட் போடலாம்னு உக்காந்தேன். இன்ஸ்டால் முடிஞ்சிருச்சு, ரீஸ்டார்ட் பண்ணுன்னுச்சு, பண்ணா நேரா விண்டோஸ் வந்து நிக்குது. எரர்னு ஒண்ணு வந்தாலாவது தேடலாம், அதுவும் இல்ல.

அயித்தானுக்கு ஃபோன் போட்டா "நோண்டிக்கிட்டு இருக்காத, திரும்ப போடு, அரை மணி நேர வேலை"ன்னாரு. அதுல தப்பும் இல்ல. திரும்ப போட மூளை வேணாம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்குனா போதும். டவுன்லோட் பண்ண ஃபைலே கெட்டுப்போயிருந்தாலோ, பாதியில கரண்ட் போய் நின்னிருந்தாலோ அதுதான் சரியான வழி, அங்க ரிப்பேர் பண்ண ஒண்ணும் இருக்காது. டவுன்லோட் ஃபைல் முழுசா வந்திருக்கான்னு செக்சம் பாக்குறது, விண்டோஸ் சீக்கிரம் ஆன் ஆகுறதுக்கு வச்சிருக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் பண்றது இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், விட்டுர்றேன்.

ஆனா ஏன் வரலைன்னு தெரியாம திரும்ப போட்டா அதே தப்புதான் திரும்ப நடக்கும், எனக்கு எல்லாமே இங்கதான் அடிபட்டுச்சு. ரெண்டாவது தடவையும் நேரா விண்டோஸ், மூணாவது தடவையும் நேரா விண்டோஸ். ஒவ்வொரு தடவையும் "பக்கத்துல போடு"ங்கிறதையே அமுக்குனதுல டிஸ்க் பங்காளிக பிரிச்ச வீடு மாதிரி துண்டு துண்டா ஆகிருச்சு. எரிச்சல்ல "டிஸ்க்கை அழி"ங்கிறதை அமுக்கியிருந்தா கணக்கும் அதோட போயிருக்கும், திரும்ப போடுறதுல இருக்கிற பெரிய ஆபத்து அந்த ஒரு பட்டன்தான்.

காரணம் என்னன்னா, ஆன் பண்ணும்போது எஃப்12 அமுக்குனா எதுலேருந்து ஏறணும்னு கேட்டு வர்ற லிஸ்ட்ல, மின்ட் போட வச்சிருந்த என் பென்டிரைவ் ரெண்டு தடவை இருந்துச்சு, ஒண்ணுக்கு முன்னாடி யூஇஎஃப்ஐன்னு போட்டிருக்கும், இன்னொண்ணு வெறும் பேரு. நான் மூணு தடவையும் வெறும் பேரையே எடுத்திருக்கேன். யூஇஎஃப்ஐங்கிறது மெஷின் ஆன் ஆகி சிஸ்டத்தை எழுப்புற புது முறை, லெகசிங்கிறது பழைய முறை. விண்டோஸ் இருந்தது யூஇஎஃப்ஐ மோடுல, நான் மின்ட்டை போட்டது பழைய லெகசி மோடுல, அப்புறம் எப்படி ரெண்டும் ஒரே மெனுவுல வரும்? இதைக் கண்டுபிடிக்க அதே பென்டிரைவ்ல ஏறி (இன்ஸ்டால் பண்ணாமலே மின்ட் அதுலேருந்து ஓடும், லைவ்னு சொல்லுவாங்க) சிஸ் ஃபோல்டர், அதுக்குள்ள ஃபர்ம்வேர், அதுக்குள்ள இஎஃப்ஐன்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாத்தா போதும். இருந்தா யூஇஎஃப்ஐ, இல்லைன்னா லெகசி. எனக்கு இல்ல. மூணு நாள் போனதுக்கு ஒரு நிமிஷத்துல பதில் கிடைச்சிருச்சு.

அப்புறம் சரியான வரியை எடுத்து பென்டிரைவ்ல ஏறி, மெனுவுல அட்மினிஸ்ட்ரேஷன்ல இருக்கிற, ஆன் ஆகுறதைச் சரி பண்ற பூட் ரிப்பேரைத் திறந்து, ரெக்கமண்டட் ரிப்பேர்னு ஒரே பட்டன். இதுக்கு நெட் வேணும், எங்க வீட்ல ரவுட்டர் முகப்புல இருக்கு, நம்ம ஊர் சுவரு எவ்வளவு கனம்னு தெரியும்ல, வளவு (உள்முத்தம்) தாண்டி சிக்னல் வராது, அதனால ஃபோனை கேபிள்ல சொருகி அதோட நெட்டை லேப்டாப்புக்குக் குடுக்குற டெதரிங் போட்டேன், லினக்ஸ் அதை உடனே எடுத்துக்கிச்சு. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு, எதுவும் அழியல.

ஒண்ணு சொல்லிர்றேன், நான் பாத்தது இந்த ஒரு மெஷின்தான். என்விடியா கார்டுல கருப்பு ஸ்க்ரீன் வர்ற கேஸ் வேற, அதுக்கு கிரப்ல (ஆன் ஆகும்போது எந்த சிஸ்டம்னு கேக்குற மெனு) நோமோட்செட்னு ஒரு வார்த்தையைச் சேத்து பாக்கச் சொல்லுவாங்க, நான் செஞ்சு பாத்ததில்ல. டிஸ்க்கே தேய்ஞ்சிருந்தா ரிப்பேரும் வேணாம் திரும்ப போடவும் வேணாம், முதல்ல எஸ்எஸ்டி மாத்துங்க.

இப்ப ஆன் பண்ணா மெனுவுல மூணு மின்ட் வரிசையா நிக்குது, விண்டோஸ் அதுக்குக் கீழ எங்கயோ. பத்து செகண்ட்ல தானா மின்ட்டுக்குப் போயிரும், அப்பச்சி கண்ணாடியை எடுத்து மாட்டுறதுக்குள்ள அந்த பத்து செகண்ட் ஓடிருது, "தம்பி, என் கணக்கு எங்க"ன்னு வளவுலேருந்து சத்தம் வருது.