முதலாமாண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஃபைஃபாக்ஸ் ஆப்

வருடா வருடம் ப்ராஜெக்ட் என்று சொன்ன மறுவாரமே மழை அலாரமும் லேசர் அலாரமும் என் மேசைக்கு வந்துவிடும். எல்லாம் கடையில் செய்து வாங்கியவை. "இந்த டிரான்சிஸ்டர் இங்கே என்ன வேலை செய்யுது?" என்று கேட்டால் பதில் வராது. அதனால் இந்த முறை பி.எஸ்சி. முதலாமாண்டுக்கு ஒரே நிபந்தனை வைத்தேன். எதையும் வாங்கக் கூடாது. போனில் ஃபைஃபாக்ஸ் போட்டு ஏதாவது ஒன்றை அளந்து வாருங்கள்.

ஜெர்மனியில் ஆக்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016-இல் வெளிவந்த ஆப் இது. இலவசம். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி (வேகம் மாறுவதை அளக்கும் சென்சார்), காந்த சென்சார், மைக் ஆகியவற்றின் ரீடிங்கை வரைபடமாகக் காட்டும். எக்செலிலும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மாணவிகள் டேபிள் டென்னிஸ் பந்தை எடுத்தார்கள். போனைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் பந்தை விட வேண்டும். ஒவ்வொரு தட்டலின் சத்தத்தையும் ஆப் கேட்டு, இடைப்பட்ட நேரத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடும். முதல் இடைவெளி 0.76 வினாடி, அதாவது 71 செ.மீ. அடுத்தது 0.65, அதாவது 52 செ.மீ. பந்து முதலில் விழுந்த உயரம் 97 செ.மீ. என்றது ஆப். இவர்கள் விட்டதோ 100 செ.மீ. உயரத்திலிருந்து. மூன்று செ.மீ. எங்கே போச்சு?

இரண்டு நாள் அதே பேச்சு. இரண்டு தட்டலிலும் ஒரே விகிதத்தில் ஆற்றல் குறைகிறது என்று வைத்துக்கொண்டுதான் ஆப் அந்த முதல் உயரத்தைக் கணக்கிடுகிறது. அந்த அனுமானம் தவறோ, காற்றுத்தடையோ என்று தேடினார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி ஓடி வந்தாள்: "மேம், நாங்க பந்தோட மேல்பக்கத்தை 100-ல வச்சிருக்கோம்!" பந்தின் விட்டம் 4 செ.மீ. தரையைத் தொடுவது அடிப்பக்கம், அப்படியானால் விழுந்தது 96 செ.மீ. தான். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒலியின் வேகம் அளந்த குழுவும் நன்றாகச் செய்தது. 20 மீட்டர் தள்ளி இரண்டு போன், இரண்டிலும் சத்தம் கேட்டால் ஓடி, அடுத்த சத்தத்தில் நிற்கும் ஆப்பின் ஒலிக் கடிகாரம். இந்தப் பக்கத்துக் கைதட்டலில் இரண்டு கடிகாரமும் ஓடும், அந்தப் பக்கத்துக் கைதட்டலில் நிற்கும். ஒவ்வொரு சத்தமும் தூரத்துப் போனுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்வதால் இரண்டு கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டும். வித்தியாசம் 0.115 வினாடி. ஒலி போக 20, வர 20 என்று 40 மீட்டரை அதால் வகுத்தால் வினாடிக்கு 348 மீட்டர். நம்மூர் வெயிலுக்குச் சரியான விடை.

குறைகளும் உண்டு. மின்விசிறி ஓடினால் ஒலிக் கடிகாரம் தானாகவே ஓடத் தொடங்கும். திரெஷோல்டை, அதாவது எவ்வளவு சத்தத்துக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்ற அளவை, ஏற்றி வைக்க வேண்டும். லிஃப்ட் ஏறி இறங்கும் வேகத்தை அளக்கும் பரிசோதனைக்குக் காற்றழுத்த சென்சார் தேவை, என் வகுப்பில் ஒரே ஒரு போனில்தான் அது இருந்தது. விலை குறைந்த சில போன்களில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் இல்லை. தலைப்பைக் கொடுக்கும் முன் யார் போனில் எது இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பையனிடம் இல்லாத சென்சாரைக் கேட்டு அவன் முகம் வாடக் கூடாது. மைக் மட்டும் போதும் என்பதால் பந்தையும் ஒலியையும் எல்லோருக்கும் கொடுக்கலாம்.