நொச்சி எண்ணெய்யும் 110 டிகிரியும்: வேலூரில் ஒரு ஜிசி-எம்எஸ் லேப் அனுபவம்

வேலூரில் ஒரு தனியார் டெஸ்டிங் லேப், கலவையில் என்னென்ன வேதிப்பொருள் என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் மெஷின் வைத்திருக்கிறார்கள். குறையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஜவ்வாது மலை அடிவாரத்து நொச்சி இலையை நீராவியில் வடித்து எடுத்த எண்ணெயைக் கொடுத்தேன். கவுன்டரில் பெயர், போன் நம்பர், பணம், அவ்வளவுதான் கேட்டார்கள்.

நான்காம் நாள் ரிப்போர்ட். பொருள்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய் (காலம், column) இருக்கும் ஓவனை எப்படிச் சூடேற்றினார்கள் என்ற கணக்கு, அதாவது புரோகிராம், இது: 110 டிகிரியில் 2 நிமிடம், அப்புறம் நிமிடத்துக்கு 10 வீதம் 200 வரை, 5 வீதம் 280 வரை, அங்கே 9 நிமிடம், மொத்தம் 36. நம் ஊர் மூலிகைக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் அதே புரோகிராம். மூலிகையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு என்றால், ஃபைட்டால், கொழுப்பு அமிலம் என்று கனமானவை வரும், ஓரளவு சரி. ஆனால் சபினீன், சினியோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகும் லேசான வாசனைச் சரக்கு 110-இல் காலத்தில் நிற்காமல் கும்பலாக ஓடிவிடும், அதுவும் எண்ணெயைக் கரைத்த கரைப்பான் போகட்டும் என்று டிடெக்டரை அணைத்து வைத்திருக்கும் நேரத்திலேயே. நொச்சி போட்டு ஆவி பிடித்தால் மூக்கில் ஏறுமே, அதுவே ரிப்போர்ட்டில் இல்லை!

இரண்டாவது முறை நேராக மெஷின் ஓட்டுபவரிடமே போனேன். "அண்ணா, 40-ல ஆரம்பிச்சு 3 வீதம் ஏத்தலாமா?"

"கத்திரி வெயில்ல 40-ஆ? இந்த ரூம் ஏசி லட்சணத்துக்கு ஓவன் 40-க்கு இறங்கறதுக்குள்ள நீ வீட்டுக்குப் போய் சாப்பிட்டே வந்துடலாம் தம்பி. 60 வை, போதும்."

அவர் சொன்னது சரிதான், ஓவன் குளிர்வது அறைக் காற்றை இழுத்துத்தானே. 60-இல் 2 நிமிடம், 3 வீதம் 240 வரை, கடைசியில் 5 நிமிடம்: 67 நிமிடம் ஓடியது. சபினீனும் பீட்டா பைனீனும் தனித்தனியாக நின்றன, காரியோஃபிலீன் பக்கத்து நெரிசலும் பிரிந்தது. லிமோனீனும் சினியோலும் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தன. அவர்களிடம் இருக்கும் 5 சதவீத ஃபீனைல் பூச்சுள்ள காலத்தில் இன்னும் மெதுவாக ஏற்றியும் பெரிய பயனில்லை, வேறு பூச்சுள்ள வாக்ஸ் காலம் வேண்டும், அது அங்கே இல்லை.

காரியோஃபிலீன் வகையைச் சேர்ந்த செஸ்கிடெர்பீன்கள் பலவற்றுக்கு மெஷின் காட்டும் நிறமாலை ஏறக்குறைய ஒன்றுதான், அதை ஒப்பிட்டு மெஷினின் லைப்ரரி சொல்லும் பெயரை அப்படியே நம்ப முடியாது. அதனால் அதே புரோகிராமில் ஆல்கேன் கலவையும் ஓட்டச் சொல்லி, ஒவ்வொரு பொருளும் வெளிவரும் நேரத்தை அதோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் எண்ணை, அதாவது ரிடென்ஷன் இன்டெக்ஸைப் போட்டுக்கொண்டேன். அதற்குத் தனிக் கட்டணம், மறு ஓட்டத்துக்குப் பாதிதான் வாங்கினார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு அந்த அண்ணனுக்கு. போகும்போது புரோகிராமைத் தாளில் எழுதிக் கொடுங்கள், கையோடு ஒரு பென்டிரைவும் எடுத்துப் போங்கள், கேட்காவிட்டால் மூல டேட்டா ஃபைல் தரமாட்டார்கள்.