துணை கோச் மாறிய பிறகு எங்கள் மைதானத்துப் பயிற்சி: நான்கு மாதம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பையனைக் கல்லூரி மைதானத்தில் நடக்கும் கால்பந்துப் பயிற்சிக்குச் சேர்க்கலாமா என்று கேட்டு இந்த இரண்டு மாதத்தில் ஏழெட்டுப் பேர் எனக்குப் போன் செய்துவிட்டார்கள். கோட்டையூரிலிருந்து ஒருவர், பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி பேரனுக்காக, மற்றதெல்லாம் காரைக்குடிக்குள்தான். சுற்றி வளைத்து எல்லாரும் வந்து நிற்கும் இடம் ஒன்றே: பழைய கோச் போய்விட்டாராமே, புதிதாக வந்தவர் எப்படி? ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசிப் பேசி எனக்கே எதை யாரிடம் சொன்னேன் என்று மறந்து போகிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. மாலையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும்.

காலை 5:45 முதல் 7:15 வரை வெளிப் பையன்களுக்குப் பயிற்சி, மாதம் 700 ரூபாய். போன வருடம் வரை 500. மாலை 4:30க்குக் கல்லூரி அணி இறங்கும். இரண்டையும் நடத்துவது துணைப் பயிற்சியாளர்தான். தலைமைப் பயிற்சியாளர் என்று தாளில் இருப்பவர் பிசிக்கல் டைரக்டர், ஆனால் கபடி, வாலிபால், தடகளம் எல்லாமே அவர் தலையில்தான், போட்டிக்குப் பெயர் அனுப்புவது, பயணப்படி பில் போடுவது, சான்றிதழில் கையெழுத்து வாங்குவது என்று அவர் பொழுது ஆபீசிலேயே போய்விடும். துணை என்பது பெயரளவில்தான், பந்தோடு நிற்கிற ஆள் இவர். அதனால்தான் இந்த ஒரு ஆள் மாறியதற்கு ஊரே இவ்வளவு பேசுகிறது.

பழையவர் நான்கு வருடம் இருந்தார். தொகுப்பூதியம்தான், விடுமுறை மாதத்தில் அதுவும் கிடையாது. மே மாதம் வெளியூரில் தங்கிப் படிக்கும் விளையாட்டுப் பள்ளி ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தது, போய்விட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டு இங்கே இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமே இல்லை.

அவரிடம் தேங்காய் நார்க் கயிறு இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. கோல் போஸ்ட் ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டின் நுனியையும் இழுத்து வந்து பெனால்டி புள்ளியில், பதினோரு மீட்டரில், பந்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து முடிச்சுப் போடுவார். கீப்பர் நடுவில் நிற்க வேண்டும். கோட்டிலேயே நின்றால் இரண்டு கயிற்றுக்கும் நடுவே 7.32 மீட்டர், அதாவது முழு கோலும் திறந்து கிடக்கும். "முன்னே வா, முன்னே வா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், பையன் ஐந்து மீட்டர் முன்னே வந்தவுடன் அதே இடைவெளி 4 மீட்டராகச் சுருங்கிவிடும். கையை விரித்தால் கயிறு இதோ இருக்கிறது என்று தெரியும். அப்புறம் ஆணியைப் பிடுங்கி இடதுபக்கம் அடிப்பார், கயிறு சாய்ந்துகொள்ளும், கீப்பரும் சாய வேண்டும். பத்து நிமிடத்தில் பதினாலு வயதுப் பையனுக்குக் கோணம் என்றால் என்ன என்று உடம்பில் ஏறிவிடும். வகுப்பில் கணக்கு வாத்தியார் எத்தனை தடவை பலகையில் வரைந்தாலும் இப்படிப் புரியாது. என் அக்கா மகன் அணியின் இரண்டாவது கீப்பர், இந்தக் கயிற்றில்தான் வளர்ந்தான்.

எங்கள் தரை செம்மண்ணும் சரளையும். அதில் டைவ் அடித்தால் இடுப்பு எலும்புத் தோல் போய்விடும். அவர் சாக்குகளில் வைக்கோலைத் திணித்து வரிசையாகப் போட்டு, அதன் மேல் விழப் பழக்கினார். சாயந்தரம் மற்ற பையன்கள் போன பிறகு கீப்பர்களை மட்டும் இருபது நிமிடம் நிறுத்திக்கொள்வார். அதற்குத் தனிக் காசு ஒன்றும் இல்லை.

சரி, அவர் போனதும் ஜூன் முழுக்க அந்த இடம் காலி. மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் தினம் தினம் இதே பேச்சு. இங்கே உடற்கல்விக் கல்லூரி இருக்கிற ஊர் என்பதால் பயிற்சியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. ஒரு கூட்டம், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமோ முடித்தவர்தான் வேண்டும், மற்றதெல்லாம் சும்மா என்றது. இன்னொரு கூட்டம், இப்போதெல்லாம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் லைசென்ஸ்தான் கணக்கு, டி, சி, பி என்று படிப்படியாக ஏறியவரைப் பார்த்து எடுங்கள் என்றது. மூன்றாவது கூட்டம்தான் பெரியது, சத்தமும் அதிகம்: நம்ம காலேஜில் ஆடி, மாநில அளவுக்குப் போன பழைய ஃபார்வர்டு யாரையாவது கூப்பிடுங்கள், பையன்கள் அவர் காலைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

இந்த மூன்றாவது பேச்சை நான் அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை. நன்றாக ஆடியவருக்குத் தான் எப்படி ஆடினோம் என்று சொல்லத் தெரிய வேண்டும், அது எல்லாருக்கும் வராது. தன் காலுக்கு இயல்பாக வந்த ஒன்றை, வராத பையனுக்கு ஐந்து துண்டாகப் பிரித்துக் காட்டுவது வேறு வேலை. என்.ஐ.எஸ்.ஸோ லைசென்ஸோ, தாள் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். நான் கேட்டது ஒன்றுதான்: முதல் பதினோரு பேருக்கு வெளியே நிற்கிற பையனோடு எவ்வளவு நேரம் செலவழிப்பார்?

கடைசியில் நிர்வாகம் எடுத்தது வெளியூர்க்காரரை. முப்பது வயதுகூட ஆகவில்லை, சி லைசென்ஸ். டீக்கடையில் யாருக்கும் பிடிக்கவில்லை.

நான்கு மாதம் பார்த்ததில் நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை ஒருவரும் சொல்வதில்லை. கார்னர், அதாவது எதிரணி மூலையிலிருந்து அடிக்கிற பந்து வரும்போது எங்கள் பையன்கள் முன்பு ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள், எதிரணியில் இரண்டு பேர் குறுக்கே ஓடினால் போதும், எங்கள் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற இரண்டு பேரும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வார்கள், பின்னால் ஒருவன் தனியாக நின்று ஹெட் அடிப்பான். இவர் வந்து இடத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஆளை விடு, உன் இடத்துக்கு வருகிற பந்து உன்னுடையது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் போட்டு மூன்று வாரம் அதையே செய்தார். பார்க்கச் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஆகஸ்டிலிருந்து கார்னரில் நாங்கள் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று.

போனை ஸ்டாண்டில் நிறுத்திப் பயிற்சியை வீடியோ எடுக்கிறார், சனிக்கிழமை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து லேப்டாப்பில் காட்டுகிறார். தான் ஓடாமல் நின்றதைத் தன் கண்ணாலேயே பார்க்கும் பையன் அடுத்த நாள் ஓடுகிறான். விதிகளிலும் கெட்டிக்காரர். கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்க ஆறு வினாடி என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2025 ஜூலையிலிருந்து அது எட்டு வினாடி, தாண்டினால் எதிரணிக்குக் கார்னர், கடைசி ஐந்து வினாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலை மடக்கிக் காட்டுவார். இவர் வந்த முதல் வாரமே கீப்பர்களுக்கு முன்னால் நின்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது செப்டம்பர் மேட்ச். எல்லாரும் இவரைத் திட்டுவது அந்த மேட்சில் விழுந்த ஒரு கோலை வைத்துத்தான்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அரையிறுதி, தேவகோட்டைப் பக்கம் ஒரு மைதானம், எங்களுடையதை விட மோசமான தரை. 1-1. பதினைந்து நிமிடம் பாக்கி. எங்களுக்கு கோல் கிக், அதாவது எங்கள் கோல் முன்னாலிருந்து பந்தை ஆட்டத்துக்குள் அனுப்புகிற கிக். 2019 வரை கோல் கிக் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவன் தொடலாம், அந்த வருடம் விதி மாறிவிட்டது, பகுதிக்குள்ளேயே பாஸ் வாங்கலாம். புது கோச் ஜூலையிலிருந்து அதைத்தான் பழக்கிக்கொண்டிருந்தார், கீப்பர் பக்கத்தில் நிற்கிற ஸ்டாப்பருக்குக் குட்டியாகத் தள்ளி அங்கிருந்து பாஸ் பாஸாக ஆட்டத்தைக் கட்டி எழுப்புவது. கீப்பர் தள்ளினான். பந்து சரளையில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எகிறியது, ஸ்டாப்பர் அடக்குவதற்குள் அவர்கள் ஃபார்வர்டு புகுந்துவிட்டான். எங்கள் கீப்பர் கோட்டிலேயே நின்றான், முழு கோலும் திறந்து கிடந்தது. 2-1. அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் டீக்கடையில் பேசினார்கள். எங்கள் மாமா ஒருவர், எண்பதுகளில் இதே அணியில் லெஃப்ட் அவுட்டாக, அதாவது முன்வரிசையில் இடது ஓரத்தில் ஆடியவர், டீ கிளாசைப் பெஞ்சில் ணங்கென்று வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"டிவியில பார்த்ததை எல்லாம் செம்மண்ணுல செய்யச் சொன்னா இப்படித்தான் ஆகும். ஓங்கி அடிச்சு அனுப்ப வேண்டியதுதானே?"

"மாமா, ஓங்கி அடிச்சாலும் பாதி தடவை அவனுககிட்டதானே போகுது."

"மாப்ள, நீ புதுசா வந்தவனுக்கு வக்காலத்து வாங்காதே. பழைய ஆளு இருந்திருந்தா இந்தக் கோல் விழுந்திருக்குமா, அதைச் சொல்லு."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவர் நினைத்த பதில் இல்லை. குட்டி பாஸ் தப்பு என்று நான் நினைக்கவில்லை. தரையைப் பார்த்து அதைச் செய்ய வேண்டும், மேடு பள்ளமான இடத்தில் ஆட்டத்துக்கு முன்பே நடந்து பார்த்து இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், அது கோச் தவறுதான், அவரே பையன்களிடம் மறுநாள் ஒப்புக்கொண்டார். ஆனால் பந்து பறிபோன பிறகும் இரண்டு வினாடி இருந்தது. அந்த இரண்டு வினாடியில் கீப்பர் ஐந்து மீட்டர் முன்னே வந்திருந்தால் அந்த ஃபார்வர்டுக்குத் தெரிந்த கோல் பாதியாகியிருக்கும். நான்கு வருடம் கயிற்றுக்கு நடுவே நின்ற பையன் அவன். ஜூலையிலிருந்து ஒரு நாள்கூட அவனுக்குத் தனிப் பயிற்சி இல்லை. பாஸ் போடப் பழகினான், முன்னே வருவது உடம்பை விட்டுப் போய்விட்டது.

என் குறை இதுதான், இதை நான் மறைக்கப் போவதில்லை. புதியவர் அணியை ஒரு கூட்டமாகப் பார்க்கிறார், நன்றாகப் பார்க்கிறார். தனித்தனி ஆளாக, அதிலும் பெஞ்சில் இருக்கிறவனை, கீப்பரை, காயத்தில் இருக்கிறவனைப் பார்க்க நேரம் ஒதுக்கவில்லை. என் அக்கா மகன் மூன்று மாதம் வலைக்குப் பின்னால் பந்து பொறுக்கினான். "மாமா, நான் காலையில வந்து சின்னப் பசங்களோட நின்னுக்கிறேன், அங்கயாவது நாலு பந்து என் கைக்கு வரும்" என்றான் ஒரு நாள். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

டீக்கடையில் கத்துவதை விட நேரில் சொல்வது மேல் என்று, பயிற்சி முடிந்து அவர் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். மேட்சைப் பற்றிப் பேசவில்லை, கீப்பர்களைப் பற்றி மட்டும் சொன்னேன். கயிற்றையும் சொன்னேன். அவர் கோன்களைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "சார், எனக்கு யாரும் இதைச் சொல்லவே இல்லையே. முப்பத்திரண்டு பேருக்கு நான் ஒருத்தன். கீப்பருக்குத் தனி கோச் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன், இன்னும் பதில் வரலை" என்றார். அவர் குரலில் எரிச்சல் இல்லை, களைப்புதான் இருந்தது. பழையவர் நான்கு வருடம் தன் வீட்டு நேரத்தைக் கொடுத்து அந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்தார், அதனால் அங்கே ஒரு ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. அதே தொகுப்பூதியத்தில் அடுத்து வருகிறவரும் தன் வீட்டு நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்று நாமாக எதிர்பார்த்துக்கொண்டு, கொடுக்கவில்லை என்று திட்டுகிறோம். மாமாவிடமும் இதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பழைய மாணவர்களிடம் பேசி கீப்பர் கோச்சுக்கு வாரம் இரண்டு நாள் சம்பளம் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். அவர் சொன்னால் செய்வார்.

இப்போதைக்கு அக்டோபர் முதல் வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலைப் பயிற்சியின் முதல் இருபது நிமிடம் கீப்பர்களுக்கு. முடிந்த பிறகு இல்லை, முதலிலேயே. கயிறு ஸ்டோர் ரூமில் கார்னர் கொடிகளுக்கு அடியில் கிடந்தது, ஒரு இடத்தில் எலி கடித்திருந்தது, முடிச்சுப் போட்டு எடுத்துவிட்டார்கள். புதியவர் அதில் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருக்கிறார்: கீப்பர் முன்னே வருவதைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து, எத்தனையாவது காலடியில் நின்றான் என்று அப்போதே காட்டுகிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சேர்க்கலாமா என்று கேட்டால், பத்திலிருந்து பதினாறு வயதுப் பையனாக இருந்தால் தயங்காமல் சேருங்கள், 700 ரூபாய்க்கு வாரம் ஆறு நாள் ஒழுங்கான பயிற்சி. கீப்பர் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பையன் என்றால் காலை முகாமில் அவனுக்கென்று இன்னும் ஒன்றும் இல்லை, டிசம்பர் வரை பொறுங்கள், ஆள் போட்டார்களா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் கிடையாது, சின்ன வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் பையன்களோடு சேர்ந்தே ஆடுகிறார்கள், நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். ஐந்து நம்பர் பந்து அவர்களே தருகிறார்கள், காற்று சரியாக இருக்கும். பூட்ஸில் அடியில் ரப்பர் குமிழ் இருக்கிறதா பாருங்கள், இரும்புக் கட்டை வைத்தது இந்தச் சரளைக்கு வழுக்கும். முட்டிக்குக் காப்பு கட்டாயம். தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும், குழாய் இருக்கிறது, ஆனால் காலையில் வராது.

மழை ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் நின்றால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, அதனால் நவம்பர் பணம் கட்டும் முன் மாதத்தில் எத்தனை நாள் கணக்கு என்று ஆபீசில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.