ஸ்னோடன் நிதி நடை: பதிவு செய்யும் முன் பாதையைக் கேளுங்கள்

மூளைக்காயத்திலிருந்து மீண்டவர்களுக்காகப் பிரிட்டனில் நடக்கும் நிதி திரட்டல்களில் வேல்ஸின் ஸ்னோடன் மலை அடிக்கடி இடம்பெறும். உள்ளூர் வேல்ஸ் மொழியில் அதன் பெயர் அர் வித்வா. உயரம் 1,085 மீட்டர். 1979இல் தொடங்கிய, மூளைக்காயம்பட்டவர்களுக்கு உதவும் ஹெட்வே போன்ற அமைப்புகளுக்குப் பணம் சேர்க்க ஆதரவாளர்கள் ஏறுகிறார்கள். காயம்பட்டவர்களும் சில சமயம் கூடவே ஏறுகிறார்கள். இந்த விமர்சனம் இரண்டாமவர்களை மனதில் வைத்து எழுதியது.

இந்த மலைக்கான குழு நடைகளில் பரவலான ஏற்பாடு இதுதான்: பென்-இ-பாஸ் வாகன நிறுத்தத்தில் தொடங்கி, பிக் பாதையில் ஏறி, மைனர்ஸ் பாதையில் இறங்குவது. காகிதத்தில் நல்ல திட்டம். தொடக்க இடமே 359 மீட்டரில் இருப்பதால் ஏற வேண்டியது சுமார் 720 மீட்டர்தான். ஆனால் பிக் பாதையின் பெரும்பகுதி சமமற்ற கல். எந்தக் கல்லில் மிதிப்பது என்று அடிக்கு அடி யோசிக்க வேண்டும். மூளைக்காயத்துக்குப் பிறகு வரும் சோர்வு வெறும் கால் வலி அல்ல. கவனம், சமநிலை, பக்கத்தில் பேசுபவரின் குரலைப் பிரித்தறிவது எல்லாம் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன. கற்பாதை அதை மதியத்துக்குள் காலி செய்துவிடும். போதாக்குறைக்கு புல்க்-இ-மோக் கணவாயில் ஒரு பிரிவு உண்டு. மூடுபனியில் அங்கே தவறினால் க்ரிப் கோக் என்ற கத்திமுனை முகட்டில் போய் நிற்பீர்கள்.

லான்பெரிஸ் என்ற ஊரிலிருந்து ஏறும் லான்பெரிஸ் பாதைக்கே எங்கள் ஓட்டு. போக வர 14.5 கிலோமீட்டர், ஏற்றம் 975 மீட்டர், தூரம் கூடுதல்தான். ஆனால் பெரும்பகுதி அகலமானது, ஒரே சீராக ஏறுவது. முக்கியமாக, பக்கத்தில் இன்னொருவர் நடக்க இடம் இருக்கிறது. இடப்பக்கப் பார்வை போனவருக்குத் துணை இடப்பக்கம் நடக்க வேண்டும், பின்னால் அல்ல. ஒற்றையடிப் பாதையில் அது நடக்காது.

குறைகள் இதற்கும் உண்டு. ஊரிலிருந்து கிளம்பும் தார்ச்சாலை செங்குத்தானது. உற்சாகத்தில் வேகமாக ஏறி, உண்மையான பாதை தொடங்குமுன்பே மூச்சு வாங்குபவர்கள் அதிகம். பாதி வழியிலுள்ள சிற்றுண்டிக் கடை எப்போதும் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கீழிருந்தே வர வேண்டும். க்ளோக்வின் என்ற மலை ரயில் நிலையத்தின் அருகே ரயில் பாலத்தைத் தாண்டியதும் ஆல்ட் மோசஸ் என்னும் கடுமையான ஏற்றம் வரும். ஏறும்போது அது நுரையீரலுக்குச் சோதனை, இறங்கும்போது சமநிலைக்கு. தளர்ந்த சரளையில் சறுக்குவது பெரும்பாலும் இறக்கத்தில்தான், எனவே இரண்டு கைத்தடிகளும் அங்கே வேண்டும். பனி படிந்த மாதங்களில் இதே பகுதி ஆளைக் கொல்லும்: பாதையும் தண்டவாளமும் பனியில் மறைந்து வழவழப்பான சரிவாகி, கீழே க்ளோக்வின் கோக் பாறைவிளிம்பில் முடிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போதும்.

நேரக் கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது நெய்ஸ்மித் விதி. அதன்படி உச்சிக்குச் சுமார் 3 மணி நேரம். காயம்பட்டவர் இருந்தால் அதை ஒன்றரை மடங்காக்குங்கள்: ஏற நாலரை, இறங்க மூன்று, ஓய்வோடு 9 மணி நேரம். காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டும். சோர்ந்த பிறகு உட்காருவது பயன் தராது. அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம், களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேச்சை நிறுத்திவிட்டு.

உச்சியில் கூட்டமும் இரைச்சலும் அதிகம், படம் எடுக்க வரிசை வேறு. இரைச்சல் தாங்காதவருக்குக் காதடைப்பான் கொடுங்கள். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். 1896இல் தொடங்கிய மலை ரயில் இருக்கிறதே, அதில் இறங்கிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். இறங்க மட்டும் இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, காற்று பலத்தால் ரயில் உச்சிவரை வராத நாள்களும் உண்டு. பாதிவழிக் கடையையே ஒரு முழு இலக்காகப் படிவத்தில் எழுதிவைக்கும் ஏற்பாட்டாளருக்கு முழு மதிப்பெண் தரலாம். நன்கொடை தந்தவர் யாரும் உயரமானியைப் பார்க்கப் போவதில்லை.

சூரிய உதயத்துக்கான இரவு நடையைக் காயம்பட்டவர்கள் தவிர்க்க வேண்டும். தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வருபவர்களுக்குத் தூக்கக்கேடு ஒரு தூண்டுதல். தவறிய மாத்திரையும் அப்படியே, ஆகவே கைபேசியில் அலாரம் அவசியம். மண்டையோட்டின் பகுதி எடுக்கப்பட்டு இன்னும் மூடப்படாதவர் அறுவை மருத்துவர் சம்மதிக்காமல் ஏறவே கூடாது. உயர நோய் பற்றிய பயம் இங்கே தேவையில்லை. அது வழக்கமாக 2,500 மீட்டருக்கு மேல்தான். அந்தக் காரணத்துக்காகவே 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோவை இவர்களுக்கான நடையாக விற்பதை ஏற்க முடியவில்லை.

பண விஷயம் சுருக்கமாக. பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் யார் பையிலிருந்து போகின்றன என்று எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்ச நன்கொடைத் தொகையிலிருந்தே அவை கழிக்கப்பட்டால், உங்கள் உறவினர்கள் உங்கள் சுற்றுலாவுக்கும் பணம் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் பெயரும் வீட்டு முகவரியும் தந்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். பதிவுக் கட்டணத்துக்கு இது கிடையாது.

ஆபத்தில் 999ஐ அழைத்து முதலில் காவல்துறை, பிறகு மலை மீட்பு என்று கேட்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. ஹெட்வே தரும் மூளைக்காய அடையாள அட்டை இருந்தால் மேல்சட்டையின் வெளிப்பையிலேயே இருக்கட்டும். களைப்பில் குழறும் பேச்சையும் தள்ளாடும் நடையையும் பார்த்து, குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டுபவர்கள் மலையிலும் இருக்கிறார்கள்.