ஷ்யூர் எஸ்எம்58: கொடை மேடையில் பன்னிரண்டு வருடம்

கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று மைக் செட் போடுவதுதான் என் பிழைப்பு. என்னிடம் இருக்கும் ஷ்யூர் கம்பெனி எஸ்எம்58 மைக்குக்குப் பன்னிரண்டு வயது. தலையிலுள்ள கம்பிவலைக் கூண்டு ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, பிடி முழுக்கப் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. வில்லுப்பாட்டு மேடையிலிருந்து இரண்டு முறை விழுந்தும் இருக்கிறது. எடுத்து ஹலோ சொன்னால் இன்றும் பேசுகிறது.

1966ல் வந்த மாடல். உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. குரல் பட்டுச் சவ்வு அதிரும், அதில் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவே ஆடும், கரண்ட் பிறக்கும். ஸ்பீக்கர் வேலையைத் திருப்பிப் போட்ட மாதிரிதான். பேட்டரி வேண்டாம், கன்டென்சர் வகை மைக்குக்குக் கொடுப்பதுபோல் மிக்சரிலிருந்து 48 வோல்ட் கரண்டும் வேண்டாம்.

ஆசைக்கு ஒரு தடவை கன்டென்சர் மைக்கைக் கொடைக்குக் கொண்டுபோனேன். ஸ்டுடியோவுக்கு அருமையான சாமான். மூச்சு விட்டாலும் பிடித்துவிடும். அதுதான் வினை. அன்றைக்குப் பாட்டோடு சேர்ந்து ஜெனரேட்டரும், பொங்கல் பானைப் பக்கம் நடந்த மருமகள் பஞ்சாயத்தும் ஊருக்கே கேட்டது. ரிப்பன் மைக் என்று இன்னொரு வகை, அதில் இருப்பது மெல்லிய அலுமினியத் தாள். ஆடிக் காற்றில் அதை நினைக்கவே வேண்டாம்.

58க்கு முன்பக்கம் காது கூர்மை, முதுகுப்பக்கம் மந்தம். ஆனால் கச்சேரிப் பையன்கள் கூண்டையே பொத்திப் பிடிப்பார்கள். பின்சத்தத்தை அடக்கும் துளைகள் அடைபட்டதும் ஸ்பீக்கர் கூவ ஆரம்பிக்கும். திட்டு மட்டும் எனக்கு.

குறையும் உண்டு. அரை அடி தள்ளி நின்று மெதுவாகப் பேசினால் குரல் ஏறாது. "அண்ணாச்சி, இன்னும் கிட்ட வாங்க" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்ப ஒட்டினால் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கனக்கும். அப்புறம், வெற்றிலை வாடை. கூண்டைத் திருகிக் கழற்றி, ஸ்பாஞ்சோடு சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போய்விடும்.

இரண்டாவதாக ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். கையில் எடுத்ததுமே சந்தேகம். மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் வைத்தோம். பழையது 300 கிராமை ஒட்டி நின்றது, புதியது 240ஐத் தாண்டவில்லை. அசல் எடை 298 என்று அப்புறம்தான் பார்த்தேன். சரி, அந்த டூப்ளிகேட்டைக் குலுக்கல் சீட்டு நம்பர் வாசிக்க வைத்திருக்கிறேன்.