கிளிநொச்சியில் மூன்று நாள் வேதாகம வகுப்பு: போய் வந்த என் கருத்து

நான் மாங்குளத்துக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. என் கணவர் இவர் மெதடிஸ்த சபை, புரட்டஸ்தாந்துக்காரர். வீட்டில் இரண்டு வேதாகமம். ரோமர் 5:1இல் இவருடைய பழைய மொழிபெயர்ப்பு ‘நீதிமான்கள்’ என்கிறது, என்னுடைய திருவிவிலியம் ‘ஏற்புடையவர்கள்’ என்கிறது. இரண்டும் ஒன்றா என்பது எங்களுக்குள் பல வருடப் பேச்சு. கிளிநொச்சிச் சபையொன்றில் நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாகுதலும் பற்றி வகுப்பு என்றதும் அதனால்தான் பதிந்தேன். 500 ரூபா, மதியச் சோறும் பிளேன்ரீயும் சேர்த்து.

முதல் நாள் போதகர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. அரசாங்கம் காணி தரும்போது கொடுக்கும் பத்திரமான காணிப் பெர்மிட் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மடிப்பெல்லாம் செலோரேப், ஒரு மூலை கறையான் அரித்தது.

“சண்டை முடிஞ்சு 2010இல திரும்பி வரேக்க காணி எப்பிடிக் கிடந்தது? முழுக்கப் பற்றை. கிணத்துக்குள்ள பனங்குத்தி. ஆனா அண்டைக்கும் அது உங்கட காணிதானே? பற்றை வெட்டின பிறகா பெர்மிட் தந்தவை?”

நீதிமானாக்கப்படுதல் அந்தப் பெர்மிட் மாதிரி, ‘நீ நீதிமான்’ என்று கிறிஸ்துவை முன்னிட்டுக் கடவுள் ஒரே தரத்தில் சொல்லும் தீர்ப்பு. பரிசுத்தமாகுதல் பற்றை வெட்டுவது மாதிரி, தூய ஆவியார் எங்களுக்குள் நாளும் நடத்தும் வேலை என்றார். பின்வாங்கிலிருந்த அம்மா ஒருவர், “கிணறு இறைக்கவே எங்களுக்கு ஆறு நாள்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது.

“காணியைப் பராமரிக்காமல் விட்டால் பெர்மிட்டை ரத்துச் செய்யலாமே?” என்று கேட்டேன். கோபிக்காமல் யோசித்தார். உவமை அவ்விடத்தில் நிற்காது என்று ஒப்புக்கொண்டு, ரோமர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்தார்: கிருபை பெருகட்டும் என்று பாவத்திலே இருக்கலாமா? ஒரு மணித்தியாலம் அதிலேயே போனது. மூன்று நாளில் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

குறை ஒன்று, அது எனக்கு வலித்தது. கத்தோலிக்கர் நற்செயலால் மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள் என்பதுபோல் இரண்டாம் நாள் பேசப்பட்டது. அப்படியல்ல. உள்ளம் புதுப்பிக்கப்படுவதும் நீதிமானாக்கப்படுவதில் அடங்கும் என்றுதான் 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் சொன்னது. 1999 ஒக்டோபர் 31இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கரும் மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன்களும் சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கையும், எங்கள் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்கிறது. 2006இல் மெதடிஸ்தரும் அதில் இணைந்தார்கள். இதை நான் எழும்பிச் சொல்லவேண்டி வந்தது.

கையேட்டின் எழுத்து மிகச் சிறிது, கண்ணாடி கொண்டு போங்கள். அடுத்த வகுப்பு யாக்கோபு 2ஆம் அதிகாரமாம். விசுவாசத்தினால் மாத்திரமல்ல, செயல்களினாலும் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற 24ஆம் வசனத்தில் கேட்க நிறைய இருக்கிறது. இவரையும் கூட்டிக்கொண்டு போவேன்.