சீகேட் எக்ஸோஸ் எக்ஸ்18 (18 டிபி): 512-ஆ, 4096-ஆ என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

சர்வருக்கான ஹார்ட் டிஸ்க் எக்ஸோஸ் எக்ஸ்18 என்றாலே பேச்சு வேகத்தில்தான் தொடங்கும். நிமிடத்துக்கு 7200 சுழற்சி, 256 எம்பி கேஷ், தட்டின் வெளி ஓரத்தில் நொடிக்கு 270 எம்பி வரை. ஆண்டுக்கு 550 டிபி வேலைச்சுமைக் கணக்கு, 5 ஆண்டு வாரண்டி. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஸ்டோரேஜ் சர்வர் கட்டுபவருக்கு இதில் கிடைக்கும் பெரிய வசதி வேறொன்று. செக்டர் (டிரைவ் படித்து எழுதும் மிகச் சிறிய துண்டு) அளவை 512 பைட்டிலிருந்து 4096-க்கு மாற்றலாம், வேண்டுமென்றால் திருப்பியும் மாற்றலாம். சாதாரண மதர்போர்டில் மாட்டும் சாட்டா மாடலில் சில நொடி வேலை. சர்வரில் டேட்டா ஏறிய பிறகு தலைவலி கிளம்புவதும் இதே இடத்திலிருந்துதான்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது டிரைவ் 512இ (512 போல நடிக்கும்) நிலையில் இருக்கும். தட்டில் எழுதுவது 4096 பைட் செக்டர். வெளியே சொல்வது 512. 512 பைட் மட்டும் எழுதச் சொன்னால், டிரைவ் முழு 4096-ஐயும் படித்து, அந்தத் துண்டை மாற்றி, தட்டு ஒரு சுற்று வந்ததும் திரும்ப எழுதும். 7200 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். பழைய கருவிகள் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கிய காலத்தில் இந்த அபராதம் எல்லா எழுத்துக்கும் விழுந்தது. இப்போது 2048-ல் தொடங்குவதால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் போய்விட்டது.

அதனால் வேகத்துக்காக 4096-க்கு மாற்றாதீர்கள், 4096 எல்லைகளோடு ஒழுங்காகப் பொருந்திய (அலைன் ஆன) ஃபைல் சிஸ்டத்தில் வித்தியாசம் தெரியாது. இடமும் கூடாது: 35,156,656,128 செக்டர் 4,394,582,016 ஆகும், பைட் கணக்கு இரண்டிலும் ஒன்றே. மாற்றுவதன் பலன் கண்டிப்பு. 512 பைட் கணக்கில் நேரடியாக எழுதும் டேட்டாபேஸோ விர்ச்சுவல் மெஷினோ 512இ டிரைவில் சத்தமில்லாமல் மெதுவாக ஓடும். 4096-ல் உடனே பிழை காட்டி நிற்கும். புது சர்வருக்கு அந்தக் கண்டிப்பு நல்லது என்பது எங்கள் முடிவு.

மாற்றும் முறை: சீகேட் இலவசமாகத் தரும் ஓப்பன்சீசெஸ்ட் தொகுப்பில் 'ஃபார்மேட்' என்ற கருவி இருக்கிறது. முதலில் அதில் டிரைவ் ஆதரிக்கும் அளவுகளைக் கேளுங்கள். 512, 4096 இரண்டும் பட்டியலில் வந்தால் மட்டும் மேலே போகலாம். பிறகு செக்டர் அளவு 4096 என்று கொடுத்தால், டேட்டா அழியும், டிரைவே முடங்கவும் கூடும் என்ற நீண்ட உறுதிமொழி வாசகத்தை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யச் சொல்லும். அது சும்மா மிரட்டல் இல்லை. யூஎஸ்பி அடாப்டர் வழியாகவோ, பல டிரைவை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கார்டு வழியாகவோ இதைச் செய்யவே கூடாது. மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் மாட்டி, யூபிஎஸ் இருக்கும்போது செய்யுங்கள். முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்து, டிரைவின் விவரம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் லாஜிக்கல் (வெளியே சொல்லும் அளவு), ஃபிசிக்கல் (தட்டில் உள்ள அளவு) இரண்டும் 4096 என்று வருகிறதா என்று பாருங்கள்.

சர்வர் கார்டில் மாட்டும் சாஸ் மாடலுக்கு எஸ்ஜி-ஃபார்மேட் என்ற கருவி. அதில் ஃபாஸ்ட் ஃபார்மேட் தெரிவைக் கொடுக்க மறந்தால் 18 டிபியையும் முழுக்க எழுதும், ஒரு நாள் போய்விடும். நடுவில் மின்சாரம் போனால் டிரைவ் 'ஃபார்மேட் பழுது' என்று சொல்லி எதையும் படிக்க விடாது. மறுபடி முதலிலிருந்து ஃபார்மேட் செய்தால்தான் மீளும்.

இனி 512, 4096 டிரைவுகளைக் கலப்பது. பல டிரைவைச் சேர்த்து ஒரே ஃபைல் சிஸ்டமாக்கும் இசட்எஃப்எஸ் பூலை ஏஷிஃப்ட் (செக்டர் அளவைச் சொல்லும் எண்: 9 என்றால் 512, 12 என்றால் 4096) 12-ல் உருவாக்கியிருந்தால் கவலை இல்லை, கெட்டுப்போன 512இ டிரைவுக்குப் பதில் 4096 டிரைவையும் ஏற்கும். ஏஷிஃப்ட் 9-ல் உருவாக்கிய பழைய பூல் ஏற்காது. அந்த எண்ணைப் பின்னால் மாற்ற வழியும் இல்லை. பூல் உருவாக்கும்போது 12 என்று கையால் எழுதுங்கள், தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள்.

லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஆபத்து இன்னும் மறைவானது. ஃபிசிக்கல் அளவு சரியாகத் தெரிந்தால் அதை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் கட்டளை தானே 4096-ஐ எடுத்துக்கொள்ளும். சில ரெய்டு கார்டுகள் அதை மறைத்து இரண்டும் 512 என்றே சொல்லும். ஃபைல் சிஸ்டமும் 512-ல் உருவாகிவிடும். ஆண்டுகள் கழித்து, டிரைவுகளை ஒரே குழுவாக நிர்வகிக்கும் எல்விஎம்மில் அதை 4096 டிரைவுக்கு நகர்த்தினால், டிவைஸ் 4096 செக்டர், ஃபைல் சிஸ்டம் 512 என்று சொல்லி மவுன்ட் ஆகாது. புதிய எல்விஎம் இரண்டு அளவுகளை ஒரே குழுவில் சேர்க்கவே மறுக்கும், பழையது தடுக்காது. உருவாக்கும்போதே செக்டர் 4096 என்று கொடுத்துவிட்டு, எக்ஸ்எஃப்எஸ்-இன்ஃபோ கட்டளையில் செக்டர் அளவைக் காட்டும் செக்ட்எஸ்இசட் வரியைச் சரிபாருங்கள்.

யூஎஸ்பி டாக்கில் போட்டு ஃபார்மேட் செய்த டிரைவை சர்வரில் மாட்டும்போதும் இதே கதைதான். சில டாக்குகள் 512இ டிரைவையும் 4096 என்று காட்டும். பார்ட்டிஷன் பட்டியலான ஜிபிடியின் தலைப்பு செக்டர் 1-ல் இருக்கும். டாக்கில் அது 4096-ஆம் பைட், சர்வர் தேடுவது 512-ஆம் பைட்டில். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்தால் 'இஎஃப்ஐ பார்ட்' என்ற எட்டெழுத்து 4096-ல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், ஆனாலும் டிரைவ் காலி என்றே சர்வர் சொல்லும். பயந்துபோய் மறுபடி ஃபார்மேட் செய்யாதீர்கள். லினக்ஸின் லோசெட்அப் (losetup) கட்டளையில் செக்டர் அளவு 4096, படிக்க மட்டும், பார்ட்டிஷன்களைத் தேடு என்று கொடுத்தால் எல்லாம் தெரியும், நகலெடுத்துக்கொள்ளலாம்.

4096 டிரைவிலிருந்து பூட் செய்ய, பழைய பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ கட்டாயம். விண்டோஸ் சர்வர் என்றால் 2012-க்குக் கீழே வேலை செய்யாது.

இருக்கிற 512 சர்வரில் ஒரு டிரைவ் சேர்ப்பவர் இதை வாங்கி, எதையும் மாற்றாமல் அப்படியே மாட்டலாம். புதிதாகக் கட்டுபவர் எல்லா டிரைவையும் ஒரே நாளில் 4096-க்கு மாற்றட்டும். அலமாரியில் வைக்கும் ஸ்பேர் டிரைவையும் அன்றே மாற்றி, அளவை எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.